செத்துப்போன தோத்தாத்ரியும் என் மோதிர விரலும்

தினமும் காலை ஆறரைக்கு, பல் தேய்த்த கையோடு, சமையலறைச் சுவரில் இருக்கும் செவியன் என்ற கேட்கும் கருவிக்கு முன்னால் நின்று நான் பத்து நொடி பேஸ் கிடார் வாசிக்க வேண்டும். வாசிப்பு உரிமம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதுதான் விதி. அது என் விரல்களை அடையாளம் கண்டு, "எஸ்தர், வயது பதினேழு, கொதிகலன் குழு" என்று சொன்ன பிறகுதான் அம்மா தோசைக்கல்லைப் போடுவாள். நாளைக் காலையும் வாசிக்க வேண்டும். அதனால்தான் போர்வைக்குள் உட்கார்ந்து இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். பேனாச் சத்தம் செவியனுக்குப் புரியாது என்று நம்புகிறேன்.

கொதிகலனில் நாங்கள் மூன்று பேர். பாட்டும் கிடாரும் ரூபன் அண்ணா. டிரம்ஸ் ஜாபர் அண்ணா. பேஸ் நான். எங்களுக்கு நாற்பதாயிரம் பேர் கொண்ட ரசிகர் மன்றம் இருக்கிறது. இருக்கிறது என்றால், நாங்கள் அவர்களுக்குச் சொந்தம். ரசிகர் உடைமைச் சட்டம் வந்ததிலிருந்து ஒரு குழு எதை வாசிக்கலாம் என்பதை அதன் மன்றம்தான் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறது. எங்களுக்குக் கிடைத்தது கோபம். வேகமான, இரும்படிக்கிற கோபம். போன வருடம் மேடையில் ரூபன் அண்ணா மெதுவான பாட்டு ஒன்றைத் தொடங்கியபோது செருப்பு வந்தது. இரண்டாவது செருப்பு என் காதில் பட்டது. எறிந்தவர் எங்கள் மன்றத்தின் துணைத் தலைவர்.

செத்தவர்களுக்கு மட்டும் யாராலும் விதி போட முடியாது. அவர்கள் ஏற்கனவே வாசித்து முடித்துவிட்டார்கள்.

"பேசாம நாம செத்துடலாமா?" என்றார் ரூபன் அண்ணா ஒருநாள்.

"நீ முன்னாடி போ. நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்றார் ஜாபர் அண்ணா.

ரூபன் அண்ணா சொன்னது வேறு. 1968இல் மெட்ராஸில் இருந்ததாக ஒரு குழுவை நாங்களே உண்டாக்குவது. சைக்கடெலிக் என்று அந்தக் காலத்தில் அழைத்த மயக்க இசையின் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். ராயபுரத்தில் கழித்துப்போட்ட தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் செவியனின் காது எட்டாது. அங்கே ஒரு பழைய டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தோம். கிடாரைப் பின்னோக்கி ஓடவிட்டோம். டிரம்ஸ் மேல் ஈரத் துண்டைப் போட்டோம். ஆர்மோனியம் தொட்டிக்குள் எதிரொலித்து, யாரோ தண்ணீருக்கு அடியில் சிரிப்பது போலக் கேட்டது. முதல் பாட்டுக்கு 'ஊதா நிற டிராம்' என்று பெயர்.

"அறுபத்தெட்டுல மெட்ராஸ்ல டிராமே ஓடலடா" என்றார் ஜாபர் அண்ணா.

"அதான் ஊதா கலர்ல ஓடுது."

குழுவின் பெயர் பாதரசப் பூங்கா. எனக்குக் கிடைத்த பெயர் தோத்தாத்ரி, துறைமுகக் குமாஸ்தா, பேஸ் கிடார். அந்தத் தொட்டிக்குள்தான் என் வாழ்க்கையில் முதல் முறையாக வாசித்தேன் என்று சொல்லவேண்டும். அதற்கு முன் அடித்துக்கொண்டிருந்தேன்.

கண்டெடுத்த பழைய டேப் என்று, எங்கள் பெயரைச் சொல்லாமல் இணையத்தில் போட்டோம். மூன்று மாதத்தில் பாதரசப் பூங்காவுக்கே ஒரு மன்றம் முளைத்தது. தோத்தாத்ரிக்கு யாரோ முகம் வரைந்தார்கள்: வழுக்கை, கண்ணாடி, மெல்லிய மீசை. அந்தப் படத்துக்கு மாலை போட்டார்கள். மன்றத் தலைவர் பரந்தாமன் அந்த முகத்தோடு எங்கள் தெருவிலேயே பேனர் கட்டினார். பள்ளிக்குப் போகும்போதெல்லாம் நான் என்னையே தாண்டிப் போனேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஒன்பது வயதில் பேருந்துக் கதவில் நசுங்கிய இடது மோதிர விரல் மடங்க நேரமெடுக்கும். அந்தப் பயத்தில் அதை முன்கூட்டியே கிளப்பிவிடுவேன். சில சமயம் சுரம் தாளத்துக்கு அரைத் தட்டு முன்னால் வந்து விழும். பரந்தாமன் அதற்கு விளக்கம் வைத்திருந்தார்: தோத்தாத்ரி கடைசி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் வாசித்தாராம். அந்த அரைத் தட்டுக்குத்தான் மன்றத்தில் பாதிப் பேர் அழுதார்களாம்.

பிறகு யாரோ கொதிகலனின் பாட்டில் அதே அவசரத்தைக் கேட்டுவிட்டார்கள். செவியனிடம் ஒப்பிடச் சொன்னார்கள். தோத்தாத்ரியின் வாசிப்போடு பொருத்தம் தொண்ணூற்றேழு சதவீதம். அந்த இரவு எங்கள் வீட்டுக் கதவில் சாணி வீசினார்கள். 'திருடி' என்று எழுதினார்கள்.

"அண்ணா, அது நான்தான்னு சொல்லிடறேன்" என்றேன்.

ரூபன் அண்ணா என் முகத்தைப் பார்க்கவில்லை. "திருடின்னா நீ ஒருத்தி மாட்டுவ. போலின்னு தெரிஞ்சா மூணு பேர் கையிலயும் ஊமைக் காப்பு. என் கைய நெனச்சுப் பாரு எஸ்தர்."

ஊமைக் காப்பை மணிக்கட்டில் பூட்டிவிட்டால், நாம் தொடும் தந்தி எதுவும் ஒலிக்காது. ஆயுளுக்கும்.

இன்று காலை ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணை. மூவாயிரம் பேர். மணமேடையில் தோத்தாத்ரி படம், கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான். ஜாபர் அண்ணா கடைசி வரிசையில் தலையைக் குனிந்திருந்தார். ரூபன் அண்ணா வரவேயில்லை.

"டிராம் பாட்ட வாசிம்மா" என்றார் பரந்தாமன். "அய்யாவோட உசுரு உன் கையில இருக்கான்னு மன்றம் கேட்டுச் சொல்லும். இருந்தா திருட்டு. காப்பு."

மோசமாக வாசித்தால் தப்பிக்கலாம். எனக்கு அது தெரியும். ஆனால் முதல் சுரத்தைத் தொட்டதும் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் நான் தப்பிக்க நினைக்கவில்லை. அவர்கள் என்னைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். கை போனாலும் பரவாயில்லை, யாராவது ஒருவர் எழுந்து நின்று, "இது அவர்தான்" என்று சொன்னால் போதும். அன்று வாசித்ததைவிட நன்றாக வாசித்தேன். விரல் அரைத் தட்டு முன்னால் வந்தது.

பின்னாலிருந்து ஒருவன் ஊளையிட்டான். "மூஞ்சப் பாரு, தோத்தாத்ரியாம்! போய் வீட்டுப்பாடம் எழுது பாப்பா!"

மண்டபமே சிரித்தது. ஓட்டு விழுந்தது. உயிர் இருப்பதாகச் சொன்னவர்கள் பதினொரு பேர்.

"திருடக்கூடத் துப்பில்ல" என்று தீர்ப்பு சொன்னார் பரந்தாமன். "காப்பு வேணாம். ஆனா அந்த அரைத் தட்டு அய்யாவோட சொத்து. இனிமே உன் விரல் முன்னாடி வரக்கூடாது. செவியன்ல ஏத்திட்டோம். ஒரு தடவ வந்தாலும் காப்பு பூட்டிடும்."

வீட்டுக்கு வந்ததிலிருந்து கட்டில் விளிம்பில் விரலைத் தட்டிப் பழகுகிறேன். காலுக்குத் தாளம், விளிம்புக்கு விரல். முந்தியது. முந்தியது. கடித்தேன். மறுபடியும் முந்தியது. வெளியே பேனருக்குக் கீழே அவர்கள் டிராம் பாட்டைப் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நான் அழுதுகொண்டே அதோடு சேர்ந்து தட்டினேன்.

இப்போது, இரவு ஒரு மணிக்கு, விரல் முதல் முறையாகச் சரியான இடத்தில் விழுந்தது. தொடர்ந்து இருபது தடவை. நாளை செவியன் என் பெயரைச் சரியாகச் சொல்லிவிடும், அம்மா தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள்.

வெளியே பாட்டில் அந்த இடம் வந்தது. தோத்தாத்ரி முந்திப் போய்விட்டார். என் விரல் அசையாமல் காத்திருந்தது.