பசைப் பலகையும் கோழிக்குஞ்சும்

எஸ்தருக்குப் பயம் புதிதல்ல. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், கணக்கு டீச்சர் தும்மினால்கூடப் பயம். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவளைப் பிடித்திருந்த பயம் வேறு.

முந்தின நாள் அம்மா தெரசா யாரிடமோ போனில் பேசியதை அவள் கேட்டுவிட்டாள்.

"இந்த வேலை நல்லபடியா அமையலன்னா கொட்டகைய மூடிட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குத்தான் போவணும். பொண்ண தங்கச்சி வூட்ல வுட்டுட்டுப் போவேன். வேற இன்னா பண்றது?"

கள்ளக்குறிச்சியில், வீட்டு வாசலை ஒட்டிய கொட்டகையில் மேசைகளுக்கும் அலமாரிகளுக்கும் அலங்கார வேலை செய்பவள் அம்மா. இப்போது கல்வராயன் மலையில் திறக்கப்போகும் புது விடுதிக்கு ஒரு மேசை. அதன் பலகை பார்ப்பதற்குச் சலவைக்கல் போலவே இருக்கும். ஆனால் கல் இல்லை, ஆலையில் வார்த்த செயற்கைப் பலகை. அதன்மேல் தேக்கு வெனீரை ஒட்ட வேண்டும். வெனீர் என்றால் மரத்தை அப்பளத்தைவிட மெல்லிசாகச் சீவிய தாள். அம்மாவிடம் ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

காலை முழுக்க அம்மா பலகையை உப்புத்தாளால் தேய்த்தாள்.

"ஏம்மா, வழவழன்னு இருக்கறதப் போயி கீறி வுடற?"

"வழவழன்னு இருந்தா பசை பிடிக்காது. எண்ணெய் பட்டாலும் பிடிக்காது. நீ எண்ணெய்த் தலையோட கிட்ட வராத."

அந்தத் தலையில் எண்ணெய் வழிய வழிய வைத்துப் பின்னிவிட்டதே அம்மாதான். எஸ்தர் இரண்டடி தள்ளி நின்றாள்.

பிறகு அம்மா பலகையிலும் தாளிலும் பசை தடவினாள். "ரெண்டும் காயணும். தொட்டா கையில ஒட்டக்கூடாது, அப்பத்தான் சேக்கணும். சேத்துட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது. நான் பக்கத்துத் தெருவுக்குப் போயி அமுக்கற உருளைய வாங்கிக்கினு வந்துடறேன். நீ பாத்துக்கினு இரு."

எஸ்தர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

பலகையின் நடுவில் ஒரு கோழிக்குஞ்சு நின்றுகொண்டிருந்தது.

நின்றது என்பதைவிட மாட்டிக்கொண்டது என்பதுதான் சரி. ஒரு காலைத் தூக்கப் பார்த்தது, வரவில்லை. இன்னொன்றும் வரவில்லை. கீச் கீச்சென்று கத்தியது. வாசலில் அதன் தாய்க்கோழி இங்கும் அங்கும் ஓடியது.

எஸ்தர் கிட்டே ஓடிப்போய்க் கையை நீட்டி, நிறுத்திக்கொண்டாள். பிடித்து இழுத்தால் குச்சிக் கால் ஒடிந்துவிடும். அம்மா வரும்வரை விட்டால் இறக்கையும் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் அவள் விரலில் பசை ஒட்டியபோது அம்மா தேங்காய் எண்ணெய் தடவித்தான் எடுத்தாள்.

எண்ணெய். அது பட்டால் வெனீர் பிடிக்காது. வெனீர் பிடிக்காவிட்டால் அம்மா திருப்பூருக்குப் போய்விடுவாள்.

குஞ்சு தடுமாறிச் சாய்ந்தது. ஒரு இறக்கை நுனி பசையைத் தொட்டது.

எஸ்தர் அழுதுகொண்டே எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தாள். விரல் நுனியில் தொட்டு, ஒவ்வொரு கால்விரலாகத் தடவினாள். இறக்கையையும் மெல்ல விடுவித்தாள். குஞ்சு துள்ளிக் குதித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் தாயிடம் ஓடிப்போயிற்று.

பசை வற்ற வற்ற, எண்ணெய் பட்ட இடம் எது, படாத இடம் எது என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. எஸ்தர் சட்டென்று தன் வளையலைக் கழற்றி, அந்த இடம் உள்ளே வரும்படி பலகையில் வைத்தாள்.

அம்மா உருளையோடு வேகமாக வந்தாள். "விடுதி வண்டி வந்துக்கினு இருக்குது, சீக்கிரம் புடி." பலகையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சிருச்சு. இது இன்னா, உன் வளையலு வுழுந்துடுச்சா?"

'ஆமாம்' என்ற சொல் எஸ்தரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் போதும். அம்மா வளையலை எடுத்துவிட்டு ஒட்டிவிடுவாள். யாருக்கும் தெரியாது.

"வுழல," என்றாள். "அதுக்குள்ள எண்ணெய் இருக்குதும்மா. கோழிக்குஞ்சு மாட்டிக்கிச்சு. நான்தான் தடவினேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்ளோ எண்ணெய்?"

"விரல் நுனி அளவுதான். வளையலத் தாண்டிப் போவல. எடம் தெரியணும்னுதான் வளையல வச்சேன்."

அம்மா குனிந்து பார்த்தாள். "இது தெரியாம ஒட்டியிருந்தா, மலைக்குப் போயி சேந்ததும் இந்த எடம் பூரி மாதிரி உப்பிக்கினு நின்னிருக்கும்." எழுந்தாள். "பசையக் கரைக்கற அந்தத் தின்னரையும் துணியையும் எடு."

வளையலைப் பிடுங்கி எடுத்து, அந்த இடத்தை மட்டும் துடைத்து, மறுபடி உப்புத்தாள் போட்டு, புதுப் பசை தடவினாள். அது காய்வதற்குள் வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. எஸ்தர் காதைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு, இரண்டும் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பலகைமேல் பழுப்புக் காகிதத்தை விரித்து, அதன்மேல் வெனீரை வைத்தார்கள். அம்மா அமுக்க அமுக்க, எஸ்தர் கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்தை உருவினாள். காகிதம் நேராகத்தான் வந்தது. உருளையை ஓட்டி முடித்ததும் அம்மா விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். ஓரத்தில் டக். நடுவில் டக். துடைத்த இடத்திலும் அதே டக். எங்கேயும் உள்ளே காற்று தங்கிய வெற்றுச் சத்தம் இல்லை.

விடுதியிலிருந்து வண்டியோடு வந்த ஆதிமூலம் தாத்தா மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தேக்குப் பலகையவே வச்ச மாதிரி இருக்குதும்மா. விடுதியில இன்னும் எட்டு மேசை கெடக்குது. திங்கக்கிழமை பலகைய அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க," என்றாள் அம்மா.

வண்டி போன பிறகும் எஸ்தர் அம்மாவின் புடவையை விடவில்லை. திருப்பூரைப் பற்றிக் கேட்க வாயெடுத்தாள், ஆனால் பயமாக இருந்தது.

அம்மா அவள் கையைப் பிடித்து, விரலில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்துவிட்டாள்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு இன்னா கட்டிக் குடுக்கட்டும், பாப்பா? புளிசாதமா, லெமன் சாதமா?"

"ரெண்டும்," என்றாள் எஸ்தர்.