சுகுணாவின் இடது தோள்

“செத்த மனுசன் எப்படிக்கா தோள்ல கை போடுவாரு? கேக்குதவனெல்லாம் கேணப்பயலா?”

“யாரப் பாத்துச் செத்தவருங்குத? வாயக் கழுவுட்டி! கண்ணத் தொறந்து நம்மளயே பாத்துக்கிட்டு இருக்காவ, தெரியலியா?” என்று சீறினாள் சுகுணா.

“வரைஞ்ச கண்ணுக்கா அது! வெறும் மை!” என்றாள் வள்ளிமயில்.

கோயில் திருவிழாவான ஆடிக் கொடைக்கு வந்திருந்த உறவெல்லாம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆடிக்காற்று கரிசல் புழுதியை அள்ளி வீசுகிற நேரத்தில் கோவில்பட்டியில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. ஆனால் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்தது. புழுதியைத் துடைத்துக்கொள்ளலாம், சண்டை தவறிவிட்டால் மறுபடி கிடைக்காது.

சண்டைக்குக் காரணம் சுவரில் தொங்கிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி இசக்கியப்பன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மடியில் வெள்ளைத் துண்டு. சுற்றிலும் பேரப்பிள்ளைகள். நாற்காலியை ஒட்டி நிற்கிற ஐந்து வயதுப் பெண்தான் சுகுணா. அவள் இடது தோளில், பின்னாலிருந்து வந்து படிந்திருக்கிறது ஒரு கை.

அந்தக் கையை வைத்துத்தான் சுகுணா ஐம்பது வருடமாகக் குடும்பத்துக்குள் நாட்டாமை செய்துவந்தாள். இத்தனை பேரப்பிள்ளைகள் இருக்க, தாத்தா கை போட்டது அவள்மேல்தானே! போன வாரம் அந்தப் படத்தைப் போனில் எடுத்து, ‘இசக்கியப்பன் வாரிசுகள்’ என்ற குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டு, ‘தாத்தாவும் தாத்தாவின் செல்லமும்’ என்று எழுதியும் விட்டாள். சித்தப்பா மகள் வள்ளிமயில் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்ததே, சாமி கும்பிட மட்டுமல்ல, அந்த வரிக்குப் பதில் சொல்லவும்தான்.

செல்லம் என்ற பெருமையிலோ என்னவோ, சுகுணா நடந்தால் இடது தோள் சற்றே சரிந்திருக்கும். ஜாக்கெட் தைக்கிற மாடத்தி அவளுக்கு அளவெடுக்கும்போது அந்தப் பக்கத்தை ஒரு விரற்கடை இறக்கியே வைப்பாள். “தாத்தா கை கனம் இன்னும் இறங்கல” என்று சுகுணா சிரிப்பாள். தெருவில் அதைத் திமிர் என்பார்கள்.

“உசுரோட இருந்தவரைக்கும் தாத்தா போட்டோவே எடுத்துக்கிடல” என்றாள் வள்ளிமயில். “எடுத்தா ஆயுசு குறையும்னு கேமராவக் கண்டாலே கம்பைத் தூக்குவாவளாம். பெறகு இது எப்பம் எடுத்தது? பாண்டியண்ணனே சொல்லட்டும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரபாண்டியன் பெரியப்பா மகன், ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். படம் எடுத்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. இலையை மடக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“வள்ளி சொல்லுதது நெசந்தான். அன்னைக்கு விடியக்காலம் தாத்தா தவறிட்டாவ. நாற்காலில உக்கார வச்சு, தாடையக் கட்டி, ரெண்டு பெருவிரலயும் சேத்துக் கட்டி எடுத்த படம். பிள்ளைக பயந்துரக் கூடாதுன்னு, தாத்தா உறங்குதாவன்னு பெரியவங்க சொல்லி வச்சிருந்தாவ. ஸ்டூடியோக்காரர்தான் பெறகு படத்து மேலேயே கண்ணத் தொறந்து வரைஞ்சு, தாடைக் கட்ட மறைச்சு, விரல் கட்டு தெரியாம மடியில துண்டும் வரைஞ்சு தந்தாரு.”

வள்ளிமயில் வெற்றியோடு முந்தானையை உதறினாள். சுகுணாவுக்குக் காது சூடானது. மகள் பூங்கொடிக்கு முன்னால், உறவுக்கு முன்னால், எதிர்வீட்டு ஜன்னலுக்கு முன்னால் இப்படியா?

“அப்போ அந்தக் கை?”

“நான் நாற்காலிக்குப் பின்னால குனிஞ்சு ஒளிஞ்சிருந்தேன் தாயி.”

“பாத்தியா! அப்போ அது உங்க கைதானண்ணே?” பெருமை போனாலும் போகட்டும், கைக்கு ஒரு சொந்தக்காரன் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

சுந்தரபாண்டியன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். இத்தனை வருடமாக அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர், இன்றுதான் கணக்குப் போடுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“நான் ரெண்டு கையாலயும் தாத்தா தலையப் பின்பக்கமாப் புடிச்சிருந்தேன். விட்டா சாஞ்சிரும்.”

“பின்னால வேற யாரு இருந்தா?”

“சுவருதான் இருந்துது.”

நல்லவேளை, கோயிலில் மேளம் தொடங்கிவிட்டது. மத்தியானக் கொடைக்கு நேரமாச்சு என்று எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்த வேகத்தைப் பார்த்தால், சாமிக்காக எழுந்ததுபோல் இல்லை.

“நீ வரலியாம்மா?” என்றாள் பூங்கொடி. ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற பெண்.

“தலை வலிக்கு. நீ போயிட்டு வா.”

வீடு காலியானது. காற்று கதவிடுக்கில் புகுந்து ஊளையிட்டு, தரையெங்கும் கரிசல் தூசியை மெல்லிய கோடுகளாக இழுத்துவிட்டு, கூடத்து மூலையில் அடங்கி மறுபடி எழுந்துகொண்டிருந்தது. தெருக்கோடியில் கடலைமிட்டாய்க்குக் காய்ச்சுகிற வெல்லப்பாகின் வாசம், கொஞ்சம் தீய்ந்துபோய், அந்தக் காற்றோடு வந்தது. தூரத்து மேளம் நெருங்குவதுபோல் ஏறி, யாரோ கதவைச் சாத்தியதுபோல் சட்டென்று தேய்ந்தது. கரண்டு போனது. மின்விசிறி கடைசியாக ஒரு முனகல் முனகிவிட்டு நின்றதும், தன் மூச்சு இவ்வளவு சத்தமாகவா இருக்கிறது என்று சுகுணாவுக்குத் தோன்றியது.

அண்ணன் வயசாகி உளறுகிறார். கையும் ஸ்டூடியோக்காரன் வரைந்ததாகத்தான் இருக்க வேண்டும். கண் வரைந்தவனுக்குக் கை வரையத் தெரியாதா? துடைத்துப் பார்த்தால் போய்விடும்.

ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். சட்டத்தின் ஆணிகளைக் கத்தி முனையால் நெம்பி, படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் வைத்தாள். முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்தாள்.

முதலில் கண். தொட்டதும் மை கரைந்து துணியில் ஒட்டியது. அடியில் மூடிய இமைகள். பிறகு கன்னம். நிழல் கலைந்து தாடைக் கட்டு வெளியே வந்தது. பிறகு மடி. வெள்ளைத் துண்டு சுண்ணாம்புபோல் உரிந்து வந்தது. அடியில் இரண்டு கைகள். பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்ட கைகள். வலது கையில் இரண்டு விரல்கள் வெந்து ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. தீப்பெட்டி மருந்து பற்றிக்கொண்டபோது வெந்த விரல்கள். அந்தக் கையால்தான் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா சோறு உருட்டிக் கொடுப்பார். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கை.

அவளுக்கும் தெரியும். தெரிந்தும், தோளில் கிடந்த கையின் விரல்களை அவள் ஒருநாளும் எண்ணவில்லை.

ஐந்து. முழுசாக. நீளமாக. ஆட்காட்டி விரலின் நகம் நடுவில் பிளந்திருந்தது.

துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். சுற்றிலும் காகிதம் நொய்ந்து, அவளுடைய பாவாடைச் சட்டை அழிந்து, கழுத்து அழிந்தது. கை அப்படியே கிடந்தது.

டிங்.

போன். கோயில் பந்தலில் உட்கார்ந்துகொண்டு உறவுகள் குழுவில் பழைய படங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டையை மறக்கடிக்கிறார்களாம். சுகுணாவின் பள்ளிக்கூடப் படம். ‘எங்கக்கா அப்பவே ரவுடி’ என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அவள் தோளில் ஒரு கை. டீச்சர் கை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். டீச்சர் முன்வரிசையில், அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள்.

டிங்.

சடங்கு வீட்டுப் படம். அத்தை கை. அத்தை ஆரத்தித் தட்டை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

டிங்.

கல்யாணப் படம். மணியாச்சியில் ரயில்வே வேலை பார்க்கிற அவள் வீட்டுக்காரர் நல்லக்கண்ணு, அப்போது மீசை மட்டுமே முளைத்த மாப்பிள்ளை. அவர் கைதான். அவர் கையாகத்தான் இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டு கையாலும் செண்டைப் பிடித்திருந்தார்.

இன்னும் பெரிதாக்கினாள்.

நகம். பிளந்த நகம்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். மேளம் நின்றிருந்தது. காற்றும் நின்றிருந்தது. இடது தோள் கனத்தது. எப்போதும் உள்ள கனம்தான். பழகிய கனம். ஆனால் இன்று அதற்குள் பிரிவுகள் தெரிந்தன. ஒரு விரல். இன்னொரு விரல். பெருவிரல் மட்டும் தனியாக, கழுத்தெலும்பின் ஓரமாக.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

“எடு” என்றாள். “நீ எங்க தாத்தா இல்ல. எனக்கு வேண்டாம். எடு கைய!”

ஒவ்வொரு விரலாக எழுந்தது.

தோள் மேலே ஏறியது. தானாக. ஐந்து வயதுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நின்றன. உடம்பு பஞ்சாகிவிட்டது. சுகுணா தரையில் உட்கார்ந்தபடியே அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

கதவு திறந்தது. நெற்றி நிறையத் திருநீறோடு பூங்கொடி, கையில் பொங்கல் தூக்குவாளி.

“என்னம்மா இது, படத்த இப்படி நாசமாக்கி வச்சிருக்க?” குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். முழுக்க நிமிரவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு இடது தோளைப் பிசைந்தாள். “இங்கன வாசப்படி ஏறும்போது என்னமோ இழுத்துட்டும்மா. தோளு கனக்கு.”

சுகுணா எழுந்து ஓடி மகளின் தோளில் கை வைத்துத் தேய்த்தாள். அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை. சேலைதான். சூடுதான். ஆனால் அவள் அழுத்த அழுத்த, அந்தத் தோள் இன்னும் ஒரு இம்மி இறங்கியது.

“வந்துரு” என்று முணுமுணுத்தாள். “எங்கிட்டயே வந்துரு. தெரியாமச் சொல்லிட்டேன்.”

“யாரம்மா கூப்பிடுத?”

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தெருவுக்கே தெரியும். வள்ளிமயில் மறுநாளே திருநெல்வேலிக்குப் போனாள். கோபமா பயமா தெரியவில்லை, குடும்பக் குழுவிலிருந்தும் விலகிவிட்டாள். சுந்தரபாண்டியன் மதுரையில் மகன் வீட்டோடு போய்விட்டார். விசேஷ வீடுகளில் படம் எடுக்க நின்றால், இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் கட்டிக்கொள்கிறாராம்.

பூங்கொடிக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஹரி, ஓட்டப்பிடாரத்துப் பையன், ஓசூரில் வேலை. கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த மாடத்தி, “அம்மா தோளே அச்சா வந்திருக்கு” என்று சொல்லி இடது பக்கத்தை ஒரு விரற்கடை இறக்கினாள். பெருமைப்பட வேண்டிய சுகுணா, செருப்பைக்கூடப் போடாமல் கடையைவிட்டு இறங்கிப் போனாள்.

அவளும் இப்போது இங்கே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மணியாச்சிக்கு, வீட்டுக்காரரின் குவாட்டர்ஸுக்கே போய்விட்டாள். அவள் நிமிர்ந்து நடக்கிற நடையைப் பார்த்து, புதிதாக வந்த போலீஸ்காரர் பெண்டாட்டி என்று அங்கே நினைத்தார்களாம். மகள் எத்தனை தடவை அழைத்தும் அவள் ஓசூருக்குப் போகவில்லை. போனில் பேசும்போது மட்டும், எதைப் பேசினாலும் கடைசியில் ஒரே கேள்வி கேட்பாள்: “தோளு எப்படி இருக்கு?”

போன மாதம் பூங்கொடியே கூப்பிட்டாள். பெண் குழந்தை.

“அம்மா, ஒரு அதிசயம் கேளு. பிள்ளை பெறந்த நிமிசமே தோள் வலி போயிட்டு. பஞ்சு மாதிரி இருக்கு.”

சுகுணா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளை படம் அனுப்பியிருக்கேன், பாத்தியா? ரூம்ல நானும் அவளும்தான். ரெண்டு கையாலயும் போனப் புடிச்சு நானே எடுத்தேன்.”

படம் முதலில் மங்கலாக வந்தது. ஒரு வட்டம் சுற்றியது. பிறகு தெளிந்தது.

வெள்ளைத் துணியில் குழந்தை கண்மூடிக் கிடந்தது. அந்தத் தோள் மிகவும் சின்னது. அதனால் கை அதற்குள் அடங்காமல், இடது தோளிலிருந்து வயிறுவரை முழுக்க மூடியிருந்தது. நகம் பிளந்த விரல் மட்டும், தட்டித் தூங்கவைக்கப் போவதுபோல், சற்றே உயர்ந்திருந்தது.