தொண்ணூறில் நின்ற கோடு

"காத்தை மூடினது நீதான்!"

"நான் ஏங்க மூடுறேன்? செத்ததை என் தலையில கட்டிட்டு நீங்க..."

"என் கையில இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு!"

"என் கையிலயும் நல்லாத்தான் இருந்துச்சு! மீட்டர்ல தொண்ணூறு காட்டுச்சு, தொண்ணூறு!"

வந்தவர்கள் உட்காரக்கூட இல்லை. கணவனும் மனைவியும் வாசற்படியிலேயே மல்லுக்கு நின்றார்கள். மீட்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தார். முப்பது வருடம் தொழிற்சாலைகளில் மீட்டர் பழுது பார்த்தவர்; ஆலைகளில் பிடிபடாத தகராறு எதுவானாலும் அவரிடம்தான் வரும். சத்தம் போடுவது எதுவானாலும் தானே அடங்கும் என்பது அவர் கண்ட அனுபவம். அவருடைய ஓர்ப்படி சின்னவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இந்த வீட்டு வாசலை ஒரு வழக்கு மிதித்து மூன்று மாதமாகிறது.

"யாருங்க செத்தது?" என்றாள் ஆவலாக.

"கிருமிங்க," என்றான் கணவன்.

சின்னவளின் முகம் சற்று வாடித்தான் போனது.

மனைவி விவரம் சொன்னாள். இருவருக்கும் ஒரே மருந்துத் தொழிற்சாலையில் வேலை. எஃகுத் தொட்டியில் சர்க்கரைக் கரைசல். அதில் வளரும் கிருமிகள்தான் மருந்தைச் சுரப்பவை. அவை மூச்சுவிட அடியிலிருந்து காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். காலை ஆறிலிருந்து இரண்டு வரை அவன் ஷிப்ட். இரண்டிலிருந்து பத்து வரை அவள். முந்தாநாள் மூன்று மணிக்கு, சின்னத் தொட்டியில் வளர்ந்ததை அவள் வழக்கம்போலப் பெரிய தொட்டிக்குள் திறந்துவிட்டாள். மறுநாள் பார்த்தால் அங்கே ஒன்றுமே வளரவில்லை. ஒரு மாதத்து மருந்து சாக்கடைக்குப் போனது. காற்றை மூடியது யார் என்று நாளை காலை பத்து மணிக்கு விசாரணை.

"நாங்க இருக்கறது கம்பெனி குவார்ட்டர்ஸும்மா," என்றான் கணவன், குரல் இறங்கி. "ஒருத்தராவது வேலையில இருந்தாத்தான் வீடு. ரெண்டு பேரும் போனா, பிள்ளைங்களோட தெருவுலதான் நிக்கணும். யாராவது ஒருத்தர் தப்பணும்."

யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்த ஷிப்ட் நோட்டையும், சின்னத் தொட்டியின் மீட்டர் கோடு போட்ட வரைதாளின் நகலையும் மனைவி பையிலிருந்து எடுத்து வைத்தாள். சின்னவள் மீட்டரம்மாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஆக்சிஜன் கோடு காலையில முப்பதுல இருக்கு. பதினொரு மணிலேர்ந்து ஏறி தொண்ணூறுல நிக்குது. அக்கா, காத்தை யாருமே மூடலை! மூடியிருந்தா இறங்கியில்ல இருக்கும்? கேஸ் முடிஞ்சுபோச்சு!"

"முடிஞ்சுதான் போச்சு," என்றார் மீட்டரம்மா. "ஒரு வீட்டுல தினம் ஆக்குற சோறு தினம் தீருது. ஒருநாள் மட்டும் பானையில அப்படியே கிடக்கு. ஏன்?"

"கூட ஆக்கியிருப்பாங்க."

"கூட ஆக்கல. காத்து அதே அளவுதான் போயிருக்கு. இந்தப் பக்கத்துக் கோட்டைப் பாரு."

சின்னவள் அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்தாள். "அப்போ... சாப்பிட ஆள் இல்ல."

"பதினொரு மணிக்கே செத்தாச்சு. மூச்சுவிட ஆள் இல்லாததால ஆக்சிஜன் மிஞ்சிப்போச்சு. கிருமியைத் தின்னுற கிருமி ஒண்ணு இருக்கு. உள்ள புகுந்துச்சுன்னா ஒரு மணி நேரத்துல தொட்டியைத் துடைச்சுப் போட்டுரும். அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

"குறைஞ்சா மணி அடிக்கும்," என்றாள் மனைவி மெதுவாக. "கூடினா ஒண்ணும் அடிக்காது. நான் நல்லதுன்னுல்ல நினைச்சேன்!"

கணவன் முதல் தடவையாக உட்கார்ந்தான். அவளும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சின்னவள் தண்ணீர் கொண்டுவர எழுந்தாள்.

"இரு, இன்னும் முடிக்கல," என்றார் மீட்டரம்மா. "ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது ஒரு சோதனை உண்டே?"

"உண்டு," என்றான் கணவன்.

"காத்தை ரெண்டு நிமிஷம் நிறுத்தணும். உயிர் இருந்தா ஆக்சிஜன் இறங்கும். திரும்பத் திறந்தா ஏறும். எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பார்த்து, காத்து எவ்வளவு கரையுதுன்னு கணக்குப் போடணும். ரெண்டு ஷிப்டும் கூட நின்னு கையெழுத்துப் போடணும். நோட்டுல முந்தாநாளுக்கு 'முப்பதிலிருந்து பத்து'ன்னு இருக்கு. வரைதாள்ல அதே ரெண்டு மணிக்குக் கோடு தொண்ணூறுல, இஸ்திரி போட்ட மாதிரி நேரா ஓடுது. அதுக்கு முந்தின நாளும் முப்பதிலிருந்து பத்து. அதுக்கு முந்தியும் அதேதான். கோட்டுல பள்ளம்னு ஒண்ணு எங்கயுமே இல்ல."

மீட்டரம்மா நோட்டின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துகளுக்கு அருகே வட்டமாக இரண்டு கறை, விளிம்போடு விளிம்பு ஒட்டியபடி.

"டீ கிளாஸ்," என்றாள் சின்னவள். அவளுக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. "ரெண்டு."

"அவர் வீட்டுக்கு வரும்போது நான் வேலையில இருப்பேன்," என்றாள் மனைவி தரையைப் பார்த்தபடி. "நான் ராத்திரி வீட்டுக்கு வர்றப்போ அவர் தூங்கியிருப்பார். சோதனைக்குன்னு பத்து நிமிஷம் குடுப்பாங்க. அந்தப் பத்து நிமிஷம்தான்மா எங்களுக்கு... அளவு எப்பவும் அதேதான் வரும். ரெண்டு வருஷமா அதேதான் வந்துச்சு."

"முந்தாநாள் சோதனை பார்த்திருந்தா மூணு மணிக்கு நீ திறந்திருக்க மாட்டே. பெரிய தொட்டி தப்பிச்சிருக்கும்," என்றார் மீட்டரம்மா.

"அவ கையெழுத்தையும் நானே போட்டேன்னு சொல்லிடறேன்," என்றான் கணவன்.

"இல்லம்மா, அவரோடதை நான்தான்..."

"நீ சும்மா இரு. அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா!"

"நீங்க சும்மா இருங்க!"

வரும்போது போட்ட அதே சண்டைதான், இப்போது தலைகீழாக. சின்னவளால் தாங்க முடியவில்லை. "அக்கா, ஒரு வழியுமா இல்ல? ஒருத்தரையாவது..."

"ரெண்டு வருஷத்துக் கையெழுத்துடி. யாரோடது யாரோடதுன்னு கம்பெனிக்குத் தெரியாதா? வரைதாளோட அசலும் அவங்ககிட்டதான் இருக்கு. நான் பார்த்ததை நாளைக்கு அவங்களும் பார்ப்பாங்க." மீட்டரம்மா நோட்டை மூடி அவனிடம் நீட்டினார். "இருந்த இடத்துலயே வச்சிருங்க. திருட்டுன்னு வேற ஒண்ணு சேர வேண்டாம்."

அவன் வாங்கிக்கொண்டான். அவள் பையின் வாயை முடிந்துகொண்டு பின்னாலேயே நடந்தாள். செருப்பை மாட்டும்போது அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏங்க, முந்தாநாள் அந்தப் பத்து நிமிஷத்துல நாம என்னங்க பேசினோம்?"