கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கோபம்

"உங்களுக்குக் கண்ணு தெரியுமா, தெரியாதா?"

அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தையே அதுதான். வணக்கம் கிடையாது, நீங்கள் யார் என்ற விசாரிப்பு கிடையாது. கோலுக்குப் பின்னாலிருந்து தூறலில் ஹாக்கி மைதானத்தைச் சுற்றி அரை ஓட்டமாக வந்து, ஸ்கோர் மேஜைக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்கக் கேட்டாள். நெற்றியில் ஒட்டிக்கிடந்த முடியிலிருந்து மழைத்துளி சொட்டியது. அதைத் துடைக்கக்கூட நேரமில்லாத கோபம்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். ஆட்டம் நடக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார். அரை மார்க்கைக்கூட இரக்கப்பட்டுப் போடமாட்டான் என்பதால் பிள்ளைகள் 'தராசு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் உள்ளங்கையில் கட்டை விரலால் அழுத்தி எண்ணுகிற சின்னக் கருவி ஒன்று இருந்தது. கோலை நோக்கி ஒரு பந்து வந்தால் ஒரு 'டிக்'.

"தெரியும்னுதான் இத்தனை நாளா நெனைச்சுட்டிருக்கேன்," என்றான். "எதுக்குக் கேக்கறீங்க?"

"அந்தப் பக்கம் கோல்ல நிக்கிறவ என் தங்கச்சி. அவ தடுத்த பந்துல மூணு உங்க கணக்குல வரல. இப்பதானே மைக்ல சொன்னீங்க… நானும் பின்னாலயே நின்னு எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"மேடம்… கோலுக்குள்ள போயிருக்கக்கூடிய பந்தைத் தடுத்தாதான் கணக்கு. வெளிய போற பந்தைப் போய் உதைச்சுட்டு வந்தா அதுக்குப் பேரு தடுப்பு இல்ல. உடற்பயிற்சி."

உடற்பயிற்சியாம். அவளுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. முட்டிவரை சேறாகி, இடுப்பில் அடிபட்டு, புல்லில் விழுந்து விழுந்து எழுகிற பெண்ணைப் பார்த்து இந்த மகராசன் வாய் கூசாமல் சொல்கிறானே… அதிலும் அந்த உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வேறு.

விஷயம் சிரிக்கிற விஷயம் இல்லை. ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் எல்லா ஆட்டத்துக்கும் நேரில் வருவதில்லை. எந்தப் பள்ளியில் ஆட்டமோ அந்தப் பள்ளிக்காரர்கள் எண்ணி அனுப்புகிற கணக்கைத்தான் பார்க்கிறார்கள். பருவம் முழுக்க வந்த பந்துகளில் பத்துக்கு ஒன்பதைத் தடுத்திருந்தால் கோல் கீப்பருக்கு அழைப்பு, இல்லாவிட்டால் கிடையாது. தங்கை அந்தக் கோட்டில்தான் ஊசலாடிக்கொண்டிருந்தாள். அப்பா வேறு கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் எடுக்கவில்லை என்றால் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு ஒழுங்காகப் படிக்க வேண்டியது.

அவள் கைப்பையைத் துழாவினாள். கண்ணாடிக் கடையின் அட்டை ஒன்று அகப்பட்டது. அங்கே கண் பரிசோதிப்பதுதான் அவள் வேலை. அட்டையை அவன் முன்னால் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"நாளைக்கு வாங்க. உங்களுக்கு மட்டும் இலவசம்."

வருவான் என்று யார் கண்டது?

மறுநாள் மாலை கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த கறுப்புக் குடையோடு வந்து நின்றான். கடை முதலாளி அவனை உள்ளே அனுப்பிவிட்டு, "டாக்டரம்மா, உங்களுக்கு ஆள் வந்திருக்கு," என்று நீட்டி முழக்கினார். அவர் தொனியே சரியில்லை.

"நிஜமாவே வந்துட்டீங்களா?"

"மூணு பந்தைக் காணோம்னு சொன்னீங்களே. ராத்திரி சரியாத் தூக்கம் இல்ல. கண்ணுலதான் கோளாறோ என்னமோ."

கிண்டலா, நிஜமா? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. அவள் விளக்கை அணைத்தாள். "தாடையை இங்க வைங்க. நெத்தியை இந்தப் பட்டையில ஒட்டி வைங்க. அசையக் கூடாது."

ஒரு நாளைக்கு எத்தனையோ கண்களைப் பார்க்கிறவள் அவள். கண் என்றால் அவளுக்குக் கண்தான், அதில் கவிதை எல்லாம் கிடையாது. ஆனால் அந்தச் சின்ன வெளிச்சக் கோட்டில் அவன் கண் திறந்தபோது… மழை விட்ட பிறகு சூரியன் விழுந்த செம்மண் தண்ணீர் மாதிரி ஒரு நிறம். அதன் ஓரத்தில், யாரோ பேனாவைத் தொட்டு எடுத்தது போல் ஒரே ஒரு கரும்புள்ளி. அவள் பார்க்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டாள். பிறகு தன் மேலேயே எரிச்சல் வந்து, விளக்கை வெடுக்கென்று நகர்த்தினாள்.

"அந்த அட்டையில கடைசி வரியைப் படிங்க."

படித்தான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"அதுக்குக் கீழ அச்சகத்தோட பேரு இருக்கு. அதையும் படிக்கவா?"

"வேண்டாம்." கனமான பரிசோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டாள். "இது தெளிவா… இல்ல, இது தெளிவா?"

"எதுவும் போடாமலே தெளிவாத்தான் இருந்துச்சு. நீங்க கோவமா இருக்கறதுகூடத் தெளிவாத் தெரியுது."

கண்ணில் குறை என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு மூன்று பந்தை எப்படி விட்டான்? சட்டத்தைக் கழற்றும்போதுதான் அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"நீங்க உக்காந்திருந்தது எங்க?"

"மேஜையில."

"அந்த மேஜை எங்க இருக்கு?" லென்ஸ் பெட்டியை இழுத்து மைதானமாக்கினாள். டார்ச் ஒரு கோல், துடைக்கிற துணி மேஜை. "இங்க நீங்க. இங்க கோல். நடுவுல மாத்து ஆட்டக்காரங்க உக்கார்ற கொட்டகை. இந்தப் பக்கக் கம்பம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த மூலைக்கு வந்த பந்துதான் மூணும்."

அவன் லென்ஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு போய்விட்டது.

"கண்ணு சரி, இடம்தான் தப்பு," என்றாள் அவள், ஜெயித்த குரலில். "இப்ப அந்த மூணையும் சேத்து எழுதி அனுப்புங்க."

"முடியாதுங்க."

"என்ன முடியாது?"

"நான் பாக்காததை எப்படி எழுதறது?"

"நான் பாத்தேன்."

"நீங்க அக்கா." அவன் மெதுவாகத்தான் சொன்னான். "கோலுக்குப் பின்னால நின்னா எல்லாப் பந்தும் நம்மள நோக்கி வர்ற மாதிரிதான் தெரியும். அதுவும் நம்ம வீட்டுப் பொண்ணு நிக்கும்போது… உங்க கையும் கொஞ்சம் தாராளமாத்தான் எண்ணும்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லல."

"உங்க ஸ்கூல் கீப்பருக்கு மட்டும் எல்லாம் சரியாத் தெரிஞ்சுது இல்ல? எழுந்திருங்க. வெளிய போங்க."

அவன் முகம் சிவந்தது. எழுந்து போனான். போன வேகத்தில் குடையை மறந்துவிட்டான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டுக் கொடுக்கலாமா என்று ஒரு மனசு… நனையட்டும் என்று இன்னொரு மனசு. இரண்டாவது மனசுதான் ஜெயித்தது. ஆனால் கடை மூடும் வரைக்கும் அவள் பார்வை அந்தக் குடையின் மேலேயே போய்ப் போய் விழுந்தது.

பருவத்தின் கடைசி ஆட்டம் தங்கையின் பள்ளியில். அதே இரண்டு அணிகள். எண்ணுகிற ஆள் வேண்டுமே என்றபோது விளையாட்டு டீச்சர் நேராக அவளிடம் வந்தார்.

"போன தடவை அவ்வளவு சத்தம் போட்டியே. வா, நீயே உக்காரு."

உட்கார்ந்தாள். அதற்கு முன் இரண்டு கோல்களும் முழுசாகத் தெரிகிற இடத்துக்கு மேஜையைத் தூக்கிப் போடவைத்தாள். தங்கை முந்தின நாளே கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாள். இன்றைக்கு நிறையப் பந்து வந்து, அத்தனையையும் தடுத்தால் கோட்டைத் தொட்டுவிடலாம்.

ஆட்டம் தொடங்கியபோது தூறலும் தொடங்கியது. அவன் வந்திருந்தான். மேஜைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், தங்கையின் கோலுக்குப் பின்னால், முன்பு அவள் நின்ற மாதிரியே நனைந்துகொண்டு நின்றான். என்ன திமிர் இருந்தால் இங்கேயே வந்து நிற்பான்? வேவு பார்க்கவா? நாற்காலிக்குக் கீழே வைத்திருந்த அவன் குடையைக் காலால் ஒரு எத்து எத்தினாள்.

தங்கை அன்றைக்கு நெருப்பாக நின்றாள். எதிரணி அடித்ததை எல்லாம் காலால், கையால், நெஞ்சால் வாங்கித் தள்ளினாள். டிக்… டிக்… அவள் எண்ண, பக்கத்தில் டீச்சர் எழுதிக்கொண்டே வந்தார். ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிரணிப் பெண் ஒருத்தி ஓரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். தங்கை முழு நீளத்துக்கும் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டாள். கூட்டம் எழுந்து நின்றது.

டிக்.

அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பந்து கம்பத்துக்கு ஒரு கை தூரம் வெளியே போய்க்கொண்டிருந்தது. இந்த இடத்திலிருந்து துல்லியமாகத் தெரிந்தது. நல்ல இடம் பார்த்து மேஜையைப் போடச் சொன்னவளே அவள்தானே. தொடாமல் விட்டிருந்தாலும் கோலாகியிருக்காது. ஆனால் விரல் அவளைக் கேட்கவில்லை… அதுவாக அழுத்திவிட்டது.

நிமிர்ந்தாள். எல்லோரும் தங்கையைப் பார்க்க, அவன் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. அந்த நனைந்த கண்களில் இருந்தது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை, புரியாததால் இன்னும் கோபம் வந்தது. ஏன் பார்க்கிறான்? சொன்னேன் இல்லையா என்று கேட்கிறானா? கேட்கட்டுமே.

தங்கை ஹெல்மெட் கம்பிகளுக்குள்ளிருந்து மேஜையைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். அந்தப் பந்தோடு கோட்டைத் தொட்டாயிற்று. அவளும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டேதான் இருந்திருப்பாள்.

கையிலிருந்த கருவி முன்னால் மட்டும்தான் போகும், பின்னால் வராது. போனதைத் திரும்பப் பெறுவதென்றால் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர்… கடைசியா எண்ணுனது தப்பு. அது வெளிய போன பந்து. ஒண்ணைக் குறைச்சுக்கோங்க."

மேஜையில் இருந்த மைக் அதை மைதானம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தங்கையின் கட்டை விரல் மெல்லக் கீழே இறங்கியது.

ஆட்டம் முடிந்ததும் தங்கை ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரே ஒரு பந்து, அக்கா. அடுத்தவங்க விட்டாக்கூடப் பரவாயில்ல, நீயே…" மட்டையை இழுத்துக்கொண்டே உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தது. அவள் மட்டும் நனைந்த மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றின் மேலும் கோபம். ஹாக்கியைக் கண்டுபிடித்தவன் மேல், அப்பா மேல், தன் விரல் மேல், அதற்குப் பிறகு நேர்மையாக இருந்து தொலைத்த தன் வாய் மேல். இதெல்லாம் போதாதென்று அவன் வேறு எதிரில் வந்து நின்றான்.

"குடையை வாங்கிட்டுப் போக வந்தீங்களா? இந்தாங்க. சந்தோஷம்தானே உங்களுக்கு?"

அவன் குடையை வாங்கவில்லை. "உங்க தங்கச்சி ஒண்ணுல விட்டுட்டதா நெனைச்சு அழறா. அவ கணக்கு தப்பு."

"என்ன?"

"போன ஆட்டத்தை ஒரு பொண்ணோட அம்மா கேலரியிலேர்ந்து வீடியோ எடுத்திருந்தாங்க. கெஞ்சி வாங்கிப் பாத்தேன். நீங்க சொன்ன மூணும் உள்ள போற பந்துதான். சேத்து எழுதி அனுப்பினேன். காலையிலதான் ஏத்துக்கிட்டதா பதில் வந்துச்சு." கொஞ்சம் தயங்கினான். "அதுலயே ஒண்ணு, நான் தப்பாச் சேத்திருந்தேன். அதைக் கழிச்சுட்டேன்."

"கழிச்சீங்களா? அதை அப்படியே விட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க இன்னைக்கு விட்டீங்களா?"

மூன்று வந்து ஒன்று போனால் இரண்டு. தங்கைக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. இன்னும் ஒன்று மிச்சம்.

"உங்க ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லலையா?"

"நம்ம பிள்ளைங்க விட்ட பந்தையெல்லாம் தேடிப் பிடிச்சு எதிரணிக்கு எழுதிக் கொடுக்கறியான்னு ஹெட்மாஸ்டர் காய்ச்சி எடுத்துட்டார். இனிமே ஸ்கோர் மேஜை பக்கமே வர வேண்டாம்னுட்டார்."

"ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?" மறுபடி கோபம் வந்துவிட்டது. "அனுப்பினப்பவே கடைக்கு வந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா அதை உங்களுக்காகச் செஞ்ச மாதிரி ஆயிருக்கும். அது உங்களுக்காகச் செஞ்சது இல்ல. தப்பு, அதனால திருத்தினேன்."

"ஓ… எனக்காக இல்ல."

"இல்ல." அவன் நெற்றியிலிருந்து மழைநீரை வழித்துவிட்டான். "எண்ணுற வேலையும் இல்லாம, குடையும் இல்லாம, இங்க வந்து நின்னு நனைஞ்சேன் பாருங்க… அதுதான் உங்களுக்காக."

மைதானத்தில் மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அந்தச் செம்மண் நிறக் கண்கள், ஓரத்தில் அந்த ஒற்றைப் புள்ளி. இந்தத் தடவை இடையில் கருவி இல்லை, விளக்கும் இல்லை. அப்படியும் எல்லாம் தெரிந்தது.

"தெளிவா இல்லையே," என்றாள். குரல் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க கத்துனீங்களே, அன்னைக்கே. இன்னைக்கு எழுந்து நின்னீங்களே, அதுக்கப்புறம் ரொம்ப." கொஞ்சம் குனிந்து கேட்டான். "இது தெளிவா?"

அவள் குடையை விரித்தாள். ஒருவருக்கே போதாத குடை. அதை அவன் தலைக்கும் தன் தலைக்கும் நடுவில் பிடித்தபடி, "எனக்கும்தான்," என்றாள் வெடுக்கென்று. "இல்லன்னா வேலை மெனக்கெட்டு உங்க மேல இவ்வளவு கோபப்படுவேனா? வாங்க, முதல்ல அவகிட்ட போய்ச் சொல்லணும். அழுதழுது ஹெல்மெட்டை நனைச்சுடுவா."

நாலடி நடந்த பிறகு அவன் கேட்டான்.

"ஒரு சந்தேகம். இப்ப சொன்னதையும் அப்புறம் எழுந்து நின்னு, ஒண்ணைக் குறைச்சுக்கோங்கன்னு சொல்லிட மாட்டீங்களே?"

"தப்பா இருந்தாத்தான் குறைப்பேன்," என்றாள் அவள்.