வேதாச்சலம் எழுதாத வரி

ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தது தப்பாகப் போயிற்று. பஸ் சித்தூரைத் தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி பாதியில் மக்கர் செய்து நின்றுவிட்டது. மடியிலிருந்த ஆய்வேட்டைத் துப்பட்டாவால் போர்த்திவிட்டு, யாமினி தான் நனைந்தாள்.

ஐந்து வருஷ உழைப்பாயிற்றே... இன்று மதியம் இரண்டு மணிக்குத் திருப்பதியில் வைவா. அது முடிந்தால் டாக்டர் யாமினி. நகரியில் விசைத்தறி ஓட்டும் நைனா காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டார்.

துப்பட்டா மறைவிலேயே கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். மனப்பாடமான வரியை மெல்ல முணுமுணுத்தாள்.

“அன்பு என்பது பயம் போட்டுக்கொண்ட நல்ல சட்டை. சட்டையைக் கழற்றிய பிறகும் ஒருத்தி எதிரில் நின்றால்... அதற்கு நான் இன்னும் பேர் வைக்கவில்லை.”

பக்கத்து சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

திரும்பினாள். மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு ஒருவன். இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அந்தக் கண்கள் இவளைப் பார்த்தன, மாட்டிக்கொண்டன, ஓடிப்போயின. அழகான கண்கள்தான்... அதற்காகச் சிரித்துவிடலாமா?

“இன்னாங்க சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல மேடம்... நீங்க படிங்க.”

“வேதாச்சலம் யார்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும். அன்புன்றதே பொய்யின்னு சொல்லி ஊரெல்லாம் திட்டு வாங்கினவரு.”

“பாதிதான் தெரிஞ்சிருக்குது.”

மீதிப் பாதியைச் சொல்லாமல் இருக்க முடியுமா? வைவாவுக்கு ஒத்திகையாகவும் ஆயிற்று. தத்துவஞானி வேதாச்சலம் இறந்து பன்னிரண்டு வருஷம். அவருக்கு இரண்டு வாழ்க்கை வரலாறுகள். சீடர் வரதராஜன் எழுதியதில் அவர் பெண் வாசனையே அறியாத ஞானி. எதிரி ஒருவர் எழுதியதில், மனைவியைக் காளஹஸ்தியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன கல்நெஞ்சர். இரண்டு பேரும் அடித்துக்கொள்வது, அவர் இறந்த பிறகு அச்சில் வந்த கடைசி நோட்டின் கடைசி வரிக்காகத்தான். ‘ஒருத்தி’ என்றால் அம்பாள் என்கிறார் சீடர். கைவிட்ட மனைவி என்கிறார் எதிரி.

“நீங்க இன்னா சொல்றீங்க?” என்றான்.

“காலமெல்லாம் அன்பைத் திட்டின மனுசன் கடைசில அதுல விழுந்துட்டாரு. வெக்கப்பட்டுக்கினு ஒத்துக்கிறாரு. என் தீசிஸே அந்த ஒரு வரிதான்.”

அவன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. சந்திரகிரி வரும் வரைக்கும் பத்திரிகைக் கட்டின் சணலை நோண்டிக்கொண்டே இருந்தான்.

“மேடம்... மொத வரி அவருது. ரெண்டாவது வரி அவரு எழுதினது இல்ல. நான் எழுதினது.”

அவன் பெயர் யோகேஷ். பாலசமுத்திரத்துக்காரன். சித்தூர் அச்சகம் ஒன்றில் டைப் செய்கிறவன். மடியிலிருந்தது திருப்பதி வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய பத்திரிகை.

“அப்ப எனக்குப் பத்தொம்போது வயசு. நோட்டுல கடைசிப் பக்கத்தைக் கரையான் துன்னுட்டிருந்தது. விடிஞ்சா வெளியீட்டு விழா. எதனா ஒரு வரி போட்டு முடிச்சிடுடான்னாரு ஓனரு. போட்டேன். இத்தினி பேரு அதுக்கு அடிச்சிக்குவாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?”

போனைத் திறந்து, நோட்டு முழுக்க அழியுமுன் எடுத்து வைத்திருந்த ஒரு போட்டோவைக் காட்டினான். அவளுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. முதல் வரி இருந்தது. அதற்குக் கீழே பெரிய ஓட்டை.

யாமினி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஐந்து வருஷம்... முந்நூறு பக்கம்... எல்லாம் இந்த ஓட்டைக்கா?

“யாரை நெனச்சி எழுதினீங்க?”

கேட்ட பிறகுதான் திடுக்கிட்டாள். கேட்க வேண்டிய கேள்வியா இது?

“யாரும் இல்ல மேடம். அப்படி ஒருத்தி நின்னா நல்லாயிருக்கும்னு...”

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவன் பதறிப்போனான்.

“நான் வாயத் தொறக்க மாட்டேன். இந்தப் போட்டோவையும் அழிச்சிட்றேன். நீங்க போயி டாக்டராயிடுங்க.”

அழிக்கப் போன விரலைத் தட்டிவிட்டுப் போனைப் பிடுங்கினாள். போட்டோவைத் தன் நம்பருக்கு அனுப்பிக்கொண்டாள். போனை அவன் மடியில் போட்டாள்.

“இதுக்கு மேல எங்கூட ஒரு வார்த்த பேசாதீங்க.”

திருப்பதியில் அவனைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

இரண்டு மணி. பல்கலைக்கழக ஹாலில் எதிரே வெளியூர் தேர்வாளர், பக்கத்தில் வழிகாட்டி பத்மினி மேடம். பார்வையாளர் வரிசையில் சீடர் வரதராஜன் வேறு. அந்த வரியை வாசித்து விளக்கினால் போதும். ஒருவருக்கும் சந்தேகம் வராது. வாயைத் திறந்தாள்... பொய் வரமாட்டேன் என்றது. போனில் போட்டோவைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

“இந்த வரி வேதாச்சலம் எழுதினது இல்ல சார். எனக்கே காலைலதான் தெரிஞ்சது.”

பத்மினி மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார். வரதராஜன் எழுந்து வந்து போட்டோவை எட்டிப் பார்த்தார், திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். அம்பாள்தான் என்று முப்பது பக்கம் எழுதியவர், பாவம். தேர்வாளர் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்தார். திருத்தி எழுத ஒரு வருஷம்.

வெளியே மழை தூறலாகியிருந்தது. சைக்கிள் ஷெட்டுக்குக் கீழே யோகேஷ் நின்றான், கொடுக்காத பத்திரிகைக் கட்டோடு.

“போயிருக்கணும்... மனசு வரல. இன்னா சொன்னாங்க?”

“உண்மையச் சொல்லிட்டேன். ஒரு வருஷம்... மறுபடியும் எழுதணும்.”

“என்னாலதான்.”

“ஆமா. உங்களாலதான்.”

திட்டுவதற்கு சந்திரகிரியிலிருந்தே வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள். சேர்த்ததெல்லாம் எங்கேயோ போயிற்று.

“மூணு மாப்பிள்ளைய வேணாம்னு அனுப்பிட்டேன். ஏன்னு நைனா கேட்டாரு... சொல்ல முடியல. ஒரு வரிய எழுதின மனுசன் மேல ஆசைன்னா சிரிக்க மாட்டாங்களா?”

“வேதாச்சலம் மேலயா?”

“அவருன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். செத்தவராச்சேன்னு அழுதுகூட இருக்கேன்...” துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். “நீங்க உசுரோட இருக்கிறது எனக்கு இன்னிக்கிக் காலைலதான் தெரியும்.”