தழும்பில்லாத பெண்

அந்தப் பெண் வகிட்டில் சிவப்பு பூசியிருந்தாள். பீட்ரூட்டைக் கடித்து, சாற்றை விரலால் தொட்டு, நெற்றியிலிருந்து உச்சிவரை நேராக இழுத்திருந்தாள். மூன்று மாதமாகச் சீப்பு படாத தலை அது. கணுக்காலைக் கட்டில்காலோடு பிணைத்த மாட்டுக்கயிறு கிடக்க, யாரோ அழைத்துப்போக வருவதுபோல முகம் கழுவிக் காத்திருந்தாள்.

"என்ன கோலம் இது ஹெட்விக்? துடைடி," என்றாள் ஒட்டிலி.

அவள் சிரித்தாள். அது அவள் பெயரில்லை என்று இருவருக்குமே தெரியும். நான்கு வருடத்துக்கு முன் எதிரியின் தலைமுடியைத் தோலோடு உரித்தெடுக்கும் கொமான்சிச் செவ்விந்தியர்கள் தூக்கிப்போன மகள் ஹெட்விக்குக்கு இடது மணிக்கட்டில் அடுப்புச் சூட்டுத் தழும்பு உண்டு. மீட்டுவந்த பிள்ளைகளைக் கோட்டையில் பட்டாளத்தார் வரிசையாக நிறுத்தியபோது, தழும்பில்லாத இந்தக் கையைத்தான் ஒட்டிலி பிடித்தாள்.

"தழும்பு எங்கடி?" என்றான் கணவன் கோன்ராட்.

"ஆறிப்போச்சு. பேசாம வா."

வெறுங்கையோடு வீடு திரும்ப அவளால் முடியவில்லை. இந்தப் பெண்ணோ, வகிட்டில் சிவப்பு பூசித் தன்னை வளர்த்த கொமான்சித் தாயை நினைத்து வழியெல்லாம் கதறியது.

உச்சிவெயிலில் லானோ ஆற்றுப்பக்கமிருந்து சேற்று நாற்றமும், அதோடு இந்த வீட்டுக்குச் சம்பந்தமில்லாத குதிரை வியர்வை வாடையும் மெல்ல மெல்ல அறைக்குள் வந்து நிற்க, கொல்லையில் கோன்ராட் விறகு பிளக்கும் கோடரிச் சத்தத்தை ஒட்டிலி தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

கயிற்றை அவிழ்க்க ஓடினாள். அவளே போட்ட முடிச்சு. அவிழவில்லை. அந்தப் பெண்ணை விட்டுவிட்டு, தரையிலிருந்த பலகைக் கதவைத் தூக்கி உருளைக்கிழங்கு நிலவறைக்குள் இறங்கினாள். கதவின் உட்பக்கத் தோல்வாரை இழுத்துப் பிடித்தாள்.

மேலே கோன்ராட் கோடரியோடு ஓடிவந்தான். "ஒட்டி..." என்றான். விழுந்தான். இடுக்கு வழியே அவன் ரத்தம் சூடாக அவள் கழுத்தில் இறங்கியது. கயிறு அறுபடும் சத்தம். அந்தப் பெண்ணின் அழுகை, கூடவே சிரிப்பு. பிறகு ஒரு காலடி. தடுமாறாமல், தேடாமல், நேராகக் கதவுக்கே வந்தது.

மூன்று தட்டு. நிறுத்தி, இன்னொன்று.

நான்கு வருடத்துக்கு முன்பும் இதே தட்டல். அன்றும் இதே வாரைத்தான் இழுத்துப் பிடித்திருந்தாள். பிள்ளை ஆற்றுக்குப் போயிருந்தது என்று கோன்ராடிடம் பொய் சொன்னாள்.

"அம்மா. நான்தான். திற."

பழக்கம் விட்டுப்போன வீட்டு மொழியில், ஜெர்மனில், வந்தது குரல். அவள் பெற்ற குரல். எந்தக் குரலுக்காக இத்தனை வருடம் அழுதாளோ, அதே குரல். திறக்க ஆசையாயிருந்தது. வெட்கமாயிருந்தது. பயம் அதைவிடப் பெரிதாயிருந்தது. கைகள் வாரை இன்னும் இறுக்கின.

மேலிருந்து கதவு ஒருமுறை இழுபட்டது; வார் விட்டுக்கொடுக்கவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் புடிச்சிருந்தியா?"

கோன்ராடின் கோடரி இறங்கியது. மறுபடி. பலகை பிளந்தது. வெளிச்சம். ஓட்டைக்குள் ஒரு இடது கை நுழைந்தது. மணிக்கட்டில் தழும்பு. ஒட்டிலியின் நெற்றியை, கண்களை, கன்னத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தது. பிறகு அவளுடைய கூந்தலைப் பற்றி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, விரல்களில் சுற்றிக்கொண்டது.