ஜன்னலின் எடை

முட்டுக்கொடுத்திருந்த குச்சி தரையில் கிடந்தது. ஆனால் மேலே தூக்கித் திறக்கும் அந்த ஜன்னலின் கண்ணாடிக் கீழ்ச்சட்டம் விழாமல், பாதி உயரத்தில் தானாக நின்றுகொண்டிருந்தது.

எம்மெட் ப்ரோகாப் அறை வாசலிலேயே நின்றான். அதைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. இரு பக்கக் கயிறுகளும் எப்போதோ அறுந்து, சட்டத்துக்கு ஈடாகச் சுவரின் பொந்துக்குள் தொங்கவேண்டிய இரும்புக் குண்டுகளும் காணாமல் போயிருந்தன. மாடியில் குடியிருந்த கோரா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். "ஒரு குச்சி வெச்சுக்கம்மா, மாளிகையா இது?" என்று வீட்டுச் சொந்தக்காரனான எம்மெட் சிரித்தான். ஜனவரிப் பனிப்புயலில், வெளி விளிம்பில் உறைந்த பனியைத் தட்ட அவள் இரு கைகளையும் நீட்டியபோது குச்சி நழுவி, சட்டம் அவற்றின் மேல் விழுந்தது. புயல் ஓய்ந்து ஆட்கள் வந்தபோது அவள் ஜன்னலடியில் மண்டியிட்டபடி செத்து விறைத்திருந்தாள், கைகள் வெளியே.

நாளை நகராட்சி ஆள் வருகிறான். ஜன்னல் குச்சியில்லாமல் நிற்காவிட்டால் வாடகைக்கு விட அனுமதி கிடையாது. வாடகை வராவிட்டால் கடனுக்கு வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும்.

அவன் தொட்டதும் சட்டம் மெல்ல இறங்கி மூடிக்கொண்டது.

ட்ராய் நகரின் ஆற்றங்கரையில், இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களை விற்கும் கிடங்கு. துருவும் ஈர மரமும் நாறும் அடுக்குகளுக்கிடையே கடைக்காரி நடீன் டோனட் தின்றுகொண்டிருந்தாள். எம்மெட் ஜன்னல் குண்டு கேட்டான்.

"சட்டம் என்ன எடை?"

"யாருக்குத் தெரியும்? பார்த்துக் குடும்மா."

"பார்த்துக் குடுக்க உருளைக்கிழங்கா? கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு வீட்டுத் தராசுல ஏறு. உன் தொப்பையைக் கழிச்சா மீதி ஜன்னல். அதுல பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அப்பத்தான் விட்ட இடத்துல நிக்கும். எந்த வீடு?"

தெருவின் பெயரைச் சொன்னான். அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு இருந்த வீடா?"

அவன் கைக்கு வந்த இரண்டு குண்டுகளை எடுத்தான்.

"இப்ப மட்டும் ரிப்பேர் பண்ண நேரம் கிடைச்சுதாக்கும்" என்றாள் நடீன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மாலை இருட்டுவதற்குள் புதுக் கயிற்றைக் கப்பியில் ஓட்டி, குண்டுகளைக் கட்டிப் பொந்துக்குள் இறக்கினான். சட்டத்தை உயர்த்திக் கையை எடுத்தான். கப்பி கிறீச்சிட, களைத்துப்போன ஒருத்தி உட்காருவதைப் போல அது இறங்கியது. மறுபடி உயர்த்தினான். மறுபடி இறங்கியது. வேறு வழியின்றிக் கழற்றினான். அறையில் சமமான தரை வாசலருகே மட்டும்தான். தராசை அங்கே வைத்து, சட்டத்தை அணைத்தபடி ஏறினான். முள் ஓடியது. தன் எடையைக் கழித்தான். மீதி, ஒரு ஜன்னலுக்கு மிக அதிகம். இறங்கி ஏறினான். கைகளில் சட்டம் முன்பு போலவே லேசாக இருந்தது. முள் மட்டும் இன்னும் மேலே போயிற்று. கூடியது ஒரு மெலிந்த பெண்ணின் எடை.

சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நகர்ந்தான்.

முள் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை.

தராசில் யாரும் இல்லை. முள் லேசாக ஆடியது, நிற்பவர் மூச்சு விடும்போது ஆடுவதைப் போல. ஈரக் கம்பளியின் வாசனை. கதவு தராசுக்கு அந்தப் பக்கம்.

அவன் பின்வாங்கினான். முதுகில் பனிக்காற்று. திரும்பி, சட்டமில்லாத திறப்பின் வெளி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக் கத்தினான்.

"யாராவது இருக்கீங்களா? மேல வாங்க!"

வெறும் பனி. எவரும் இல்லை.

தலைக்கு மேல் ஏதோ விரிசல் விட்டது. மேல்சட்டம். பல அடுக்குப் பெயிண்டில் ஒட்டி, அவன் அறிந்து ஒருபோதும் அசையாதது. தலையை இழுத்துக்கொண்டான்.

கைகளை இழுப்பதற்குள் அது விழுந்தது.

அலறல் ஓய்ந்தபோது அவன் மண்டியிட்டிருந்தான். விரல்கள் வெளியே. அவற்றின் மேல் பனி விழுவது கண்ணாடி வழியே தெரிந்தது. சட்டைப் பையில் போன் இருந்தது.

பின்னால் தராசு முள் டக்கென்று பூஜ்யத்துக்குத் திரும்பியது.

ஒரு பலகை முனகியது. இன்னொன்று. இன்னும் அருகில்.

வெளியே இருட்ட இருட்ட, கண்ணாடியில் அறை தெளிந்தது. அவன் தோளுக்குப் பின்னால் கோரா குனிந்தாள். கருத்துத் தொங்கிய விரல்களால் எதையும் பிடிக்க முடியாமல், இரு மணிக்கட்டுகளுக்கும் இடையே இடுக்கி, அந்தக் குச்சியை அவனுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.